அம்பு எந்தப் பக்கம்

அம்பு தப்பாக இருக்கிறது. அம்பு தப்பாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது என்று சொல்வதுதான் முறை. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் வகுப்புகளில் காலமெல்லாம் சொல்லிக்கொடுத்தவள், இப்போது அந்தத் தூரத்தின் நடுவில் மல்லாந்து கிடக்கிறேன். இடுப்பெலும்பில் துளை போட்ட இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டி, என் எடையாலேயே அதை அழுத்திக்கொண்டு அசையாமல் படுத்திருக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் சிஸ்டர். என்னுடைய எடை ஒரு காரியத்துக்குப் பயன்படுவது இதுவே முதல் தடவை. காலையில் எலும்பு மஜ்ஜையை உறிஞ்சி எடுத்தார்கள். மரத்துப்போகும் என்றார்கள், தோல் மரத்தது, எலும்பு மரக்கவில்லை, உறிஞ்சும்போது உள்ளே யாரோ என் பெயரைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. எடுத்ததைக் கீழ்த் தளத்தில் ஒரு இயந்திரத்தில் போட்டுச் சுழற்றி ஸ்டெம் செல்களை மட்டும் பிரிக்கிறார்களாம். பிரித்ததை மத்தியானம் முதுகுத்தண்டில் ஊசி வழியாகச் செலுத்துவார்களாம். அவை நீந்தி மூளைக்குப் போய், எங்கே பழுதோ அங்கே உட்கார்ந்து சரிசெய்யுமாம். "அதுக்கே வழி தெரியும் மேடம்," என்றார் டாக்டர், சென்னையில் வழி தெரிந்த ஒரே பொருள் அதுதான் என்பதுபோல. அதுவரை நான் பார்த்துக்கொண்டிருப்பதற்காகக் கட்டிலுக்கு நேரெதிரே சுவரில் ஒரு பெரிய நரம்பு செல் படம். நீலப் பின்னணி, மஞ்சள் செல், ஒரு பக்கம் வேர்போலக் கிளைகள், மறுபக்கம் நீண்ட வால். செய்தி கிளைகளில் நுழைந்து வால் வழியாக வெளியே போகும். இந்தப் படத்தில் சிவப்பு அம்பு வாலில் தொடங்கிக் கிளைகளை நோக்கிப் போகிறது. அதாவது, தப்பு. அதாவது, தப்பு என்று தோன்றுகிறது.

இதில் சிரிக்க ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன், இருக்கிறது. அம்பு தப்பென்றால், நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாதவர்கள் என் நரம்புகளை ரிப்பேர் செய்யப் போகிறார்கள். எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அம்பு சரியென்றால், கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு நான் வரைந்துவந்த ஒரு படம்கூட என் தலைக்குள் திரும்பிப் படுத்துவிட்டது. பேசாமல் முதுகைக் காட்ட வேண்டியதுதான். எல்லாம் ஒரு அம்பில் இருக்கிறது. போனவருஷம் என்றால் இந்த யோசனை வந்திருக்காது, நேரே ரிசப்ஷனுக்குப் போய் ஒரு சிறு பிரசங்கம் செய்துவிட்டு வந்திருப்பேன். போனவருஷமா, அதற்கு முந்தியா? அந்தக் காலத்தில் ஒரு பெரிய துண்டு என்னிடம் இல்லை. தொடக்கம் மட்டும் இருக்கிறது: வகுப்பில் தவளையின் இதயத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பெஞ்சுகள் எல்லாம் என்னை நோக்கி ஒரு அங்குலம் நகர்ந்தன. அடுத்து, வீட்டில் குழாய்த் தண்ணீர் என்னைப் பற்றிப் பேசியது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். தூங்காமல் கத்தினேனாம், கெட்ட வார்த்தை சொன்னேனாம் (எந்த வார்த்தை என்று கேட்டால் ஒருவரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், அறிவு ஆர்வத்துக்குக்கூட). சர்ச்சிலிருந்து ஐயர் வந்து ஜெபம் பண்ணினாராம், மனநல டாக்டர் மாத்திரை கொடுத்தாராம், வலிப்பு வந்த பிறகுதான் மதுரையில் ஒரு நரம்பியல் டாக்டரம்மா முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது பேயும் இல்ல, பைத்தியமும் இல்ல. இவங்க உடம்போட எதிர்ப்பு சக்தியே இவங்க மூளையை அந்நியம்னு நினைச்சு அடிக்குது," என்றாராம். உலகத்தில் எத்தனையோ பேருடைய தப்புகளைத் திருத்தினேன். என் ரத்தம் என்னையே ஆள் மாறி அடித்துக்கொண்டிருந்தது தெரியவில்லை. ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றினார்கள், ஸ்டீராய்டு கொடுத்தார்கள், தீ அணைந்தது. எரிந்த இடம் எரிந்ததுதான். இடது கை நடுங்குகிறது. சொற்கள் தாமதமாக வருகின்றன, சில வருவதில்லை. கல்லூரியில் நீண்ட விடுப்பு. இப்போது அதே உடம்பிலிருந்து இன்னொரு வகைச் செல்களை எடுத்து அதே மூளைக்கு அனுப்பப் போகிறார்கள். என் செல்கள் ஏற்கெனவே ஒருமுறை அங்கே போய்வந்தவை. அவற்றின் நடத்தையைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை.

"என்ன மைனி, வலிக்கா?" திரையை விலக்கிக்கொண்டு ரோசலின். என் கணவரின் தங்கை. மடிப்பாக்கத்தில் இருக்கிறாள், நாங்கள் தங்கியிருப்பது அவள் வீட்டில்தான். இல்லை என்று தலையாட்டுகிறேன். "வாயத் தொறந்து சொன்னாத்தான் என்ன? முன்னாடியெல்லாம் வலிக்கான்னு கேட்டா வலின்னா என்னன்னு ஒரு மணி நேரம் பாடம் நடத்துவிய. இப்பத்தான் மைனி நீங்க பக்கத்துல இருக்க நல்லா இருக்கிய." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறாள், பிறகு சிரிக்கிறாள், நானும் சிரிக்கிறேன், ஏனென்றால் அது உண்மை. தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்துவிடும் எதிர்வீட்டுக்காரம்மாகூட இப்போது உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறாள். பிழை திருத்தாத ஹெப்சிபாவை ஊருக்குப் பிடித்திருக்கிறது. "ஒங்க அண்ணன் எங்க?" என்று கேட்கிறேன். "டாக்டரம்மா கிட்ட போன்ல பேசிக்கிட்டு இருக்காரு, மதுரை டாக்டரம்மா. வேண்டாம் வேண்டாம்ங்காவளாம்." எனக்குத் தெரியும், என்னிடமும் சொன்னார்: இதற்கு இன்னும் ஒழுங்கான நிரூபணம் இல்லை மேடம், ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, தொற்று வரலாம், ஆறின இடத்தைக் கிளறவும் செய்யலாம். ஆராய்ச்சி என்றால் எலிக்கு யாரும் பில் போடுவதில்லை. இங்கே எலிதான் பில் கட்டுகிறது. இது எனக்கு வந்தவுடனேயே தெரிந்தது. வந்தவுடனேயே சொல்லவும் செய்திருக்கலாம். ஆனால் என் கணவரின் முகம். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவர், வீட்டில் ஒரு பல்பு மாற்றுவதானால்கூட மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்து, மறுபடியும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடுவார். அந்த மனிதர் இந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சோதிக்கவில்லை. யாரோ ஒருவருக்கு நடக்க வந்ததாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, டிக்கெட் எடுத்துவிட்டார். ஆசீர் அப்படிப்பட்டவர் இல்லை. ஆசீர் அப்படிப்பட்டவர் இல்லை என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் கல்யாண வாழ்க்கையைச் சுருக்கிச் சொல்லச் சொன்னால், அவர் பேசுவார், நான் திருத்துவேன். சிலந்தியைப் பூச்சி என்பார். பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு என்பேன். வௌவாலைப் பறவை என்பார். முதல் வருஷம் கோபித்துக்கொண்டார், இரண்டாம் வருஷம் பழகிவிட்டார், அதற்கப்புறம் அது எங்கள் வீட்டில் கடிகாரச் சத்தம்போல் ஆகிவிட்டது. என் வகுப்புக்கு வேண்டிய சார்ட் எல்லாம் அவர்தான் வரைவார், மின்வாரியப் பேனாக்களால், ஸ்கேல் வைத்து. நரம்பு செல்லைக்கூட ஸ்கேல் வைத்து வரைந்தார், அது ஒரு மின்கம்பம்போல் நிமிர்ந்து நின்றது. "கரண்ட் எந்தப் பக்கம் போவுது?" என்று கேட்டார், நான் சமையலில் இருந்ததால் ஏதோ சொல்ல, அவர் அம்பைத் திருப்பிப் போட்டுவிட்டார், மறுபடி முழுவதும் வரைய வைத்தேன். எந்தப் பக்கம் திருப்பிப் போட்டார்? அதைத்தான் யோசிக்கிறேன். முதலில் வாலிலிருந்து கிளைக்குப் போட்டு, நான் அதைக் கிளையிலிருந்து வாலுக்கு மாற்றச் சொன்னேனா? அல்லது அதற்கு நேர்மாறா? அடுப்பில் இருந்தது மொச்சைக் குழம்பு என்பது ஞாபகம் இருக்கிறது. மொச்சையின் வாசனை இருக்கிறது, அவர் பனியனில் மை பட்ட இடம் இருக்கிறது, அம்பு மட்டும் இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டு நிற்கிறது. இந்த நோய் எவ்வளவு ரசனையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறது பாருங்கள், மொச்சையை வைத்துவிட்டு அம்பை எடுத்திருக்கிறது. அது மட்டுமல்ல, பின்னோக்கிப் போகும் சரக்கும் உண்டு, வாலிலிருந்து செல்லின் உடம்புக்கு. வெறிநாய்க்கடிக் கிருமி அந்த வழியாகத்தான் ஏறும். ஒருவேளை படம் போட்டவன் அதைத்தான் காட்டுகிறானோ? அப்படியானால் அவன் என்னைவிடப் படித்தவன். இல்லை, ஆஸ்பத்திரிச் சுவரில் வெறிநாய்க்கடியை யார் மஞ்சளும் நீலமுமாக மாட்டுவார்கள்? போனில் பார்த்துவிடலாம். பார்த்துப் பார்த்துத்தான் ஒரு வருஷம் ஓடியது. பார்ப்பேன், பார்த்ததைச் சரியாகப் படித்தேனா என்று சந்தேகம் வரும், மறுபடி பார்ப்பேன், பார்த்தோமா பார்க்கவில்லையா என்று சந்தேகம் வரும். தெரியாத கேள்வி வந்தால் வகுப்பில் ஆசிரியர்கள் எங்களுக்கெல்லாம் ஒரு தந்திரம் உண்டு: நல்ல கேள்வி, நாளைக்கு நீயே படிச்சிட்டு வந்து எல்லாருக்கும் சொல்லு. என் தலையிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை. அது படித்துவிட்டு வருவதே இல்லை.

எதுதான் பயம் என்று ஒழுங்காக வகைப்படுத்திப் பார்க்கலாம், வகைப்படுத்துவது என் தொழில். ஊசிக்குப் பயமா? எலும்பையே துளைத்தாகிவிட்டது. செத்துப்போவதற்கா? அதற்குப் பக்கத்தில் போய்விட்டு வந்தேன், அங்கே ஒன்றும் இல்லை, ஞாபகமே இல்லை, புகார் சொல்லக்கூட விஷயம் கிடைக்கவில்லை. மறுபடி தீ பிடித்தால்? ஆமாம், அதற்கு. பெஞ்சுகள் மறுபடி ஒரு அங்குலம் நகர்ந்தால்? அதற்கு. அதற்கும் கீழே இன்னொன்று இருக்கிறது, அதற்கு வகை கிடைக்கவில்லை: ஒருவர் தப்பாகச் சொல்லும்போது என்னுள்ளே ஒரு சிறு மணி அடிக்கும், எப்போதும் அடிக்கும், இப்போதும் அடிக்கிறது, ஆனால் மணி சரியாக அடிக்கிறதா என்று பார்க்க இன்னொரு மணி என்னிடம் இல்லை. அதனால்தான் பேசாமல் இருக்கிறேன். நல்லவளாகிவிட்டேன் என்கிறார்கள். இன்று காலை கீழே ரிசப்ஷன் சுவரில் குழந்தைகளுக்காக ஒரு திமிங்கிலம் வரைந்திருப்பதைப் பார்த்து அவர், "எம்மாம் பெரிய மீனு, பாத்தியா ஹெப்சி?" என்றார். மணி அடித்தது. நான் திமிங்கிலத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். கைக்கடிகார வாரின் துளைக்குள் நகத்தை விட்டு நெம்பிக்கொண்டே, பரிட்சை முடிவு ஒட்டும் பலகை முன்னால் நிற்கும் பிள்ளையைப்போல் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் லிஃப்டின் பொத்தானை அழுத்தினேன். "சரி, வா," என்று மேலே கூட்டிவந்துவிட்டார். ரயிலில் சிலந்திப் பூச்சி என்றார், அப்போதும் வாரை நெம்பினார். இந்த ஒரு வருஷத்தில் அவர் செய்த தப்புகள் முந்தைய எல்லா வருஷங்களையும்விட அதிகம். வயதாகிறது, என்னைக் கவனித்துக் கவனித்துக் களைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரோசலின் ஆரஞ்சு உரிக்கிறாள். ஊசிக்கு முன்னால் நான் சாப்பிடக்கூடாது, அவளே சாப்பிடுகிறாள், ஒவ்வொரு சுளைக்கும் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு. "ஒண்ணு கேக்கணும்," என்கிறேன். "ஒங்க அண்ணன் இப்பல்லாம் ஏன் இப்படித் தப்புத் தப்பாப் பேசுதாவ?" அவள் சுளையை வாயருகே வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். "அது ஒங்களுக்குத் தெரியாதா மைனி?" தெரியாது என்கிறேன். "மதுரை ஆஸ்பத்திரில நீங்க அண்ணன யாருன்னே தெரியல, வேற ஆளுன்னு சொல்லிட்டிய. புருஷன் வேசத்துல எவனோ வந்திருக்கான்னு ஒரே சத்தம், கிட்ட விடல." இது எனக்குச் சொல்லியிருக்கிறார்கள், அந்த நோயில் அப்படி வருமாம். "ஆனா ஏன்னு ஒரு காரணம் சொன்னிய பாருங்க, நர்ஸுங்கள்லாம் சிரிச்சிட்டாவ. அண்ணன் பயந்துபோயி, டாக்டர் சொல்லிக்குடுத்த மாதிரி, இன்னைக்கு இன்ன தேதி, இது இன்ன ஊரு, ஒம்பேரு ஹெப்சிபான்னு எல்லாத்தையும் சரியாச் சொன்னாரா, நீங்க, எம் புருஷன் இவ்வளவு சரியாப் பேச மாட்டாரு, இது அவரு இல்லன்னுட்டிய." அவள் சிரிக்கிறாள், சிரிக்கும்போதே கண்ணைத் துடைக்கிறாள். "அன்னைக்கு வெளிய வராண்டாவுல நின்னு எவ்வளவு அழுதாரு தெரியுமா. மறுநாள் உள்ள போயி, ஜன்னல்ல ஒரு பல்லிய காட்டி, பாத்தியா ஒரு பூச்சின்னாரு. நீங்க படுத்துக்கிட்டே, அடப் பாவி மனுசா, அது ஊர்வனன்னு சொன்னிய. அப்புறந்தான் அவரு கையில இருந்து கஞ்சி குடிச்சிய." மேலே சீலிங் ஃபேன் நிதானமாகச் சுற்றுகிறது. அடப் பாவி மனுசா. அது என் வாக்கியம்தான், நான் அங்கே இல்லாதபோது யாரோ என் வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்படியானால் ரயிலில் சிலந்தியும் காலையில் திமிங்கிலமும் வேண்டுமென்றே சொன்னவை. அப்படியானால் அவர் ஒரு வருஷமாக ஒவ்வொரு தப்பாக எடுத்து நீட்டிக்கொண்டு, நான்தான் ஆசீர், நான்தான் ஆசீர் என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார், நான் உள்ளே உட்கார்ந்துகொண்டு நல்லவளாக இருந்திருக்கிறேன். பதில் இல்லாத வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்க்கத்தான் இந்த ஊசி. டெஸ்டர் வைக்காமல் ஒயரைத் தொட்டது அதனால்தான்.

சிஸ்டர் வந்து, கீழே தயாராகிவிட்டது, இப்போது எடுத்துவருவார்கள் என்று சொல்லி, தள்ளுவண்டியில் ஊசிகளையும் பச்சைத் துணியையும் அடுக்கிவைத்துவிட்டுப் போகிறாள். பச்சைத் துணியின் நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை, என் முதுகுக்கு. இடது கை படுக்கையின் ஓரத்தில் தானாகத் தாளம் போடுகிறது. அம்பு. இன்னும் அம்பு. வாலிலிருந்து கிளைக்கு. மொச்சைக் குழம்பு. வெறிநாய். வாலிலிருந்து. அவர் உள்ளே வருகிறார், போன் இன்னும் கையில், முகத்தில் மதுரை டாக்டரம்மாவிடம் தோற்ற களை. "பயப்படாத, என்ன? அஞ்சு நிமிசம்தான்," என்கிறார். அப்போதுதான் எனக்குத் தோன்றுகிறது, அந்த முதல் சார்ட்டைக் கிழித்துப் போட்டு மறுபடி வரைந்தவர் இவர், கரண்ட் எந்தப் பக்கம் போகும் என்பதை ஒரு மின்வாரியத்துக்காரர் மறக்க மாட்டார். உலகத்தில் நான் கேட்கக்கூடிய ஒரே ஆள் இவர், நான் திருத்த வேண்டும் என்பதற்காகவே இவர் பொய் சொல்வார். பொய் சொல்வார் என்பது நிச்சயம் என்றால் அதைவிட நம்பகமான சாட்சி எங்கே கிடைக்கும்? "அந்தப் படத்தப் பாருங்க," என்கிறேன். "அம்பு சரியாப் போட்டிருக்கானா?" அவர் திரும்பிப் பார்க்கிறார். நிறைய நேரம் பார்ப்பதாக எனக்குத் தோன்றுகிறது, கொஞ்ச நேரமாகவும் இருக்கலாம். புருவம் ஒருமுறை ஏறி இறங்குகிறது. வலது கை இடது மணிக்கட்டுக்குப் போகிறது, நகம் வாரின் துளையைத் தேடுகிறது. "சரியாத்தானே இருக்கு," என்கிறார் ஆசீர். "அருமையாப் போட்டிருக்கான்."

"தப்பு," என்கிறேன். சத்தமாக வந்துவிட்டது, பக்கத்துத் திரைக்குப் பின்னால் யாரோ இருமுவதை நிறுத்தினார்கள். "அடப் பாவி மனுசா, கிளையில வந்து வால் வழியாப் போகும். அன்னைக்கு நீங்க திருப்பிப் போட்ட மாதிரியே இவனும் போட்டிருக்கான்." அவர் நகம் வாரிலேயே நின்றுவிட்டது. சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன், கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து என் பாதத்தைப் போர்வையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார், இறுக்கமாக, வலிக்கும்படி. "போலாம்," என்கிறேன். "எங்க?" "எங்கேன்னா? வீட்டுக்கு. அம்பு எந்தப் பக்கம்னு தெரியாதவன் என் முதுகத் தொடப்பிடாது." அவர் தலை ஆடுகிறது, ஆம் என்றா இல்லை என்றா தெரியவில்லை. "கை?" என்று கேட்கிறார். "வார்த்தை? அது வராட்டா?" வராவிட்டால் வராது. அதைச் சொல்வதற்குள் டாக்டர் வந்தார், சிறு குளிர்ப்பெட்டியோடு ஒரு பெண் வந்தாள், அவர்கள் ஏதோ சொன்னார்கள், படத்தைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டு டாக்டர், அது அலங்காரத்துக்கு வாங்கி மாட்டியது மேடம் என்றார், அந்த ஒரு வாக்கியத்துக்காக ஆசீர் எழுந்து நின்ற விதத்தை ரோசலின் ஊரெல்லாம் சொல்லப் போகிறாள். அவளுக்கு வேறொரு கவலையும் இருந்தது. "எடுத்தது எடுத்ததுதானே அண்ணே, மைனியோட மஜ்ஜை, அத இங்கயா விட்டுட்டுப் போறது? கேட்டு வாங்குங்க." அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் போவதை நினைத்தேன், சிரிப்பில் இடுப்பு சுருக்கென்றது.

கீழே லிஃப்ட் திறந்ததும் எதிரே திமிங்கிலம். ரோசலின் ஆட்டோ பிடிக்க வெளியே ஓடினாள். நான் அவர் தோளில் ஒரு கையும் சுவரில் ஒரு கையுமாக நடந்தேன், இடது கையைத்தான் சுவரில் வைத்திருந்தேன், அது திமிங்கிலத்தின் வயிற்றின்மேல் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டே வந்தது. இந்தக் கை இனி இப்படித்தானோ, காலையில் எழுந்தால் பெஞ்சுகள் அந்தந்த இடத்தில் இருக்குமோ, ஒருவேளை மதுரை டாக்டரம்மாவே ஒருநாள் இதே ஊசியைச் சரியாகப் போடுவாரோ, ஒன்றும் தெரியாது. ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. "காலையில சொன்னியளே," என்றேன், "அது மீன் இல்ல." அவர் நின்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், ஆனால் விடவில்லை, என்ன இருந்தாலும் இரண்டு தடவை டெஸ்டர் வைக்கிற மனுஷன். "அப்ப என்னது?" என்றார், கை கடிகாரத்தின் பக்கம் போகாமல். என்னது. குட்டி போடும், பால் கொடுக்கும், மூச்சு விட மேலே வரும், வௌவாலும் நாமும் அதே வகுப்பு, சார்ட்டின் பச்சைக் கரை கண்ணுக்குத் தெரிகிறது, மேலே தலைப்பு இருக்கும் இடம் தெரிகிறது, அந்த இடம் வெறும் வெள்ளையாக இருக்கிறது. வருகிறதா? வரவில்லை. அவர் காத்துக்கொண்டிருக்கிறார். சுவரில் என் விரல்கள் தட்டிக்கொண்டிருக்கின்றன. வெளியே ரோசலின் ஆட்டோக்காரரோடு சண்டை போடும் சத்தம் கேட்கிறது.

"நல்ல கேள்வி," என்றேன். "நாளைக்கு நீங்களே படிச்சிட்டு வந்து சொல்லுங்க."